பத்துப் பதினைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு அடுத்த ஆர்க்கிடெக்சர் ஆபீஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

படித்து முடித்த கையோடு வேலை தேடும்போது பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் ஆபீஸைத் தேர்ந்தெடுக்கிறோம். இணையதளத்தில் கட்டடங்கள் கண்ணைக் கவர்கின்றனவா, ஆபீஸை நடத்தும் தலைமை ஆர்க்கிடெக்டான பிரின்சிபலுக்குப் பெயர் இருக்கிறதா, அவ்வளவுதான். அந்த வயதில் அது தப்பும் இல்லை. எங்கே போனாலும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடலாம்.

பத்துப் பதினைந்து வருடம் ஆனபின் கணக்கு வேறு. நடுத்தர அளவிலான ஒரு கட்டடம் முதல் ஸ்கெட்சிலிருந்து சாவி கைமாறும் வரை நான்கைந்து வருடம் எடுப்பது சாதாரணம். மருத்துவமனை, விமான நிலையம் என்றால் இன்னும் நீளும். அடுத்த ஆபீஸில் ஏழெட்டு வருடம் இருந்தால்கூட முதலிலிருந்து கடைசிவரை நீங்கள் கூட இருந்து முடிக்கப்போவது இரண்டோ மூன்றோ கட்டடங்கள்தான். அவை எவை, அவற்றில் உங்கள் இடம் எது என்பதை இந்த ஒரு முடிவு தீர்மானித்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆபீஸ் என்ன மாதிரி கட்டடம் செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வேலைகள் அதற்கு எந்த வழியில் வந்து சேர்கின்றன என்று பாருங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள், கிளையன்ட்டுடன் பேசும் இடத்தில் இருப்பீர்களா, சம்பளம் உயருமா, ஒருநாள் பார்ட்னர் ஆவீர்களா என்பதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

படி 1: இப்போதைய வேலையில் எது சரியில்லை?

"எனக்கு டிசைன் செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை" என்று பலரும் சொல்வார்கள். அது உண்மையா என்று டைம்ஷீட்டைக் கேளுங்கள். கடந்த மூன்று மாத நேரத்தை எடுத்து ஏழு குவியலாகப் பிரியுங்கள்: டிசைன், டிராயிங், கன்சல்டன்ட்டுகளுடன் ஒருங்கிணைப்பு, சைட், கிளையன்ட், புது வேலை பிடிப்பதற்கான ஓட்டம், நிர்வாகம். டைம்ஷீட் இல்லாத ஆபீஸ் என்றால் காலண்டரும் மெயிலும் போதும். சிலருக்கு வரும் விடை வேடிக்கையாக இருக்கும். டிசைன் இல்லை என்று புலம்பியவருக்கு அது போதுமான அளவில் இருக்கும்; அவரைத் தின்றுகொண்டிருப்பது யாரும் முடிவெடுக்காத மீட்டிங்குகளாக இருக்கும். அந்தக் குறை ஆபீஸ் மாறினாலும் கூடவே வரக்கூடும்.

அடுத்து, ஒரு பிராஜெக்டின் கட்டங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ஆர்க்கிடெக்டுகள் சங்கமான ரிபா (RIBA) 2020-இல் புதுப்பித்த 'பிளான் ஆஃப் ஒர்க்' இதற்கு வசதியானது. தேவையை வரையறுப்பதில் தொடங்கி, கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலம்வரை 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்கள் அதில் உண்டு. நீங்கள் வேறு எந்த நாட்டு முறையில் வேலை செய்தாலும் அதோடு பொருத்திப் பார்த்துவிடலாம். எந்தெந்தக் கட்டத்தில் பொறுப்போடு நின்றிருக்கிறீர்கள் என்று குறியுங்கள். கான்செப்ட் ஸ்டேஜோடு நின்றவர்களும் இருப்பார்கள். கட்டுமானத்துக்கான ஒர்க்கிங் டிராயிங்கைத் தவிர வேறு எதுவும் பார்க்காதவர்களும் இருப்பார்கள். உங்கள் பட்டியலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அதை அடைக்கும் ஆபீஸ்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் "சைட் அனுபவம் குறைவு" என்று ஒருவரைப் பற்றி எழுதிவிட்டால் அதை மாற்றுவது கஷ்டம்.

இந்த இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு இப்போதைய மேலாளரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். "எனக்கு அடுத்த பிராஜெக்டில் சைட் பொறுப்பு வேண்டும்" என்று தெளிவாகக் கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காவிட்டால், அப்புறம் மனசாட்சி உறுத்தாமல் தேடலாம்.

படி 2: வேலை எந்த வழியில் வருகிறது?

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

காம்பெடிஷனில் வாழும் ஆபீஸ்கள். பாரிஸின் பாம்பிடூ கலை மையத்துக்கு 1971-இல் நடந்த போட்டியில் 681 பதிவுகள் வந்தன. ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வென்றார்கள், இருவரும் அப்போது முப்பதுகளில். இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் போட்டிக்கு உட்காருகிறார்கள். இன்னொரு கதையையும் பக்கத்தில் வையுங்கள். ஹெல்சிங்கியில் ஒரு குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக 2014-இல் அறிவித்த போட்டிக்கு 1,715 பதிவுகள் வந்தன. 2015-இல் வெற்றியாளரை அறிவித்தார்கள். 2016-இல் நகர மன்றம் திட்டத்தையே நிராகரித்துவிட்டது. அந்த 1,715 ஆபீஸ்களில் எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

திறந்த போட்டிகளில் பெரும்பாலும் வென்றவருக்கும் பரிசு பெற்ற சிலருக்கும்தான் பணம். மற்றவர்களின் உழைப்புக்கு யாரோ விலை கொடுத்தாக வேண்டும். ஒன்று, ஆபீஸின் வேறு பிராஜெக்ட் கட்டணம் அதைத் தாங்குகிறது. இல்லையென்றால் ஊழியர்களின் இரவுகள் தாங்குகின்றன. நேர்காணலில் இதை நேராகவே கேட்கலாம்: "போட்டி வேலைக்கு வருடத்துக்கு எத்தனை மணிநேரம் பட்ஜெட் வைக்கிறீர்கள்?" பட்ஜெட் என்ற சொல்லே அங்கே புதிதாக ஒலித்தால் விடை கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட ஆபீஸ்களில் டிசைன் கூர்மையாக இருக்கும், இளைஞர்கள் அதிகம், நடுவில் இருப்பவர்கள் குறைவு. நடு அனுபவத்தில் உள்ளே போகிறவருக்கு எழுதாத ஒரு வேலை தயாராக இருக்கும்: வென்ற படத்தைக் கட்டக்கூடிய கட்டடமாக மாற்றுவது. அது உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

திரும்பி வரும் கிளையன்ட்டுகளால் ஓடும் ஆபீஸ்கள். நான்கைந்து கட்டுமான டெவலப்பர்கள், ஒரு பல்கலைக்கழகம், ஒரு மருத்துவமனைக் குழுமம் என்று தொடர்ந்து வேலை வரும். நேரம் ஒழுங்காக இருக்கும், சம்பளம் தேதி தவறாது. விலையாக நீங்கள் கொடுப்பது, ஒரே வகைக் கட்டடத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. கவனிக்க வேண்டியது ஒன்று: மிகப்பெரிய கிளையன்ட்டிடமிருந்து வருமானத்தில் எத்தனை பங்கு வருகிறது? பாதிக்கு மேல் என்றால், நீங்கள் சேரப்போவது உண்மையில் அந்தக் கிளையன்ட்டின் நல்ல காலத்தில்தான். 2008 நிதி நெருக்கடியில் டெவலப்பர் வேலையை மட்டுமே நம்பியிருந்த ஆபீஸ்களில் ஆட்குறைப்பு எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை அந்தத் தலைமுறை ஆர்க்கிடெக்டுகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

பொதுத்துறை டெண்டரில் வேலை பிடிப்பவர்கள். இங்கே முந்தைய அனுபவச் சான்றுதான் நுழைவுச்சீட்டு. பத்துப் பள்ளி கட்டியவருக்குத்தான் பதினோராவது பள்ளி. அதனால் உங்கள் பயோடேட்டாவே டெண்டரில் ஒரு ஆயுதமாகிவிடும். "இந்தத் தகுதியுள்ள ஆள் எங்களிடம் இருக்கிறார்" என்று காட்டத்தான் உங்களை எடுக்கிறார்களா என்று பாருங்கள். அது கெட்டதல்ல, பேரம் பேச உங்களுக்குக் கிடைக்கும் பிடிதான். ஆனால் டெண்டர் போடும்வரை உங்கள் பெயர் வேண்டும், வேலை கிடைத்தபின் வேறு யாரோ நடத்துவார்கள் என்ற நிலை வரலாம். ஆவணங்களில் ஒழுக்கம் இங்கேதான் நன்றாகப் படியும். பணம் மெதுவாக வரும்.

பிரின்சிபலின் அறிமுகங்களால் வேலை வரும் சின்ன ஆபீஸ்கள். தனி வீடுகள், சிறிய நிறுவனக் கட்டடங்கள். தரம் மிக உயர்ந்ததாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கிளென் மர்கட் பெரும்பாலும் தனியாளாகவே வேலை செய்து 2002-இல் ஆர்க்கிடெக்சரின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். ஆனால் கிளையன்ட் வந்தது அந்த மனிதருக்காக. நீங்கள் எத்தனை திறமையாகச் செய்தாலும், கூட்டத்தில் அவர் இல்லாவிட்டால் "சார் எப்போது வருவார்?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு வருடம் கூட இருந்து டீடெயிலிங் (கட்டடத்தின் நுணுக்கமான பகுதிகளை வரைவது) கற்க அருமையான இடம். பத்து வருடம் என்றால் நன்றாக யோசியுங்கள்.

எந்த ஆபீஸும் ஒரே வகையில் அடங்காது, கலந்துதான் இருக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கடந்த இரண்டு வருடத்தில் வந்த வேலைகளில் பழைய கிளையன்ட் எத்தனை, போட்டி எத்தனை, டெண்டர் எத்தனை? எத்தனைக்கு முயன்று எத்தனை கிடைத்தது?" ஒழுங்காக நடத்தப்படும் ஆபீஸில் இந்த எண்கள் பார்ட்னருக்கு விரல்நுனியில் இருக்கும்.

படி 3: யாருடைய ஆபீஸ், அவருக்குப் பின் யார்?

லூயிஸ் கான் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய ஆர்க்கிடெக்டுகளில் ஒருவர். 1974-இல் அவர் இறந்தபோது அவருடைய ஆபீஸ் பெரும் கடனில் இருந்தது. டாக்காவின் நாடாளுமன்றக் கட்டடம் அவருக்குப் பிறகுதான், 1982-இல், முடிந்தது. புகழும் கணக்குப் புத்தகமும் ஒன்றையொன்று பார்க்காமலே வாழலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஈரோ சாரினென் 1961-இல், 51 வயதில், திடீரென்று இறந்தார். கையில் செயின்ட் லூயிஸ் வளைவு, வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையம், நியூயார்க்கின் டிடபிள்யூஏ விமான முனையம் எல்லாம் பாதியில். ஆனால் அவர் ஆபீஸில் டிசைன் பக்கம் கெவின் ரோச்சும் தொழில்நுட்பப் பக்கம் ஜான் டின்கலூவும் ஏற்கெனவே பொறுப்பில் வேரூன்றியிருந்தார்கள். வேலைகளை முடித்தார்கள். 1966-இல் ஆபீஸ் அவர்கள் பெயருக்கே மாறியது. அந்த இரண்டு பேரும் நடு அனுபவத்தில் சரியான இடத்தில் இருந்தவர்கள்.

ஆகவே உரிமை யாரிடம் என்று கேளுங்கள். தனி உரிமையாளரா, பார்ட்னர்களா, வெளி முதலீட்டாளரா, ஊழியர்கள் சார்பில் பங்குகளை வைத்திருக்கும் ஊழியர் டிரஸ்டா? கடைசி வகை இப்போது பரவிவருகிறது. பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டரின் ஆபீஸில் நீண்டகாலம் இருந்த கென் ஷட்டில்வொர்த் வெளியேறி 2004-இல் 'மேக்' நிறுவனத்தைத் தொடங்கியபோதே ஊழியர்களுக்கான டிரஸ்டின் உரிமையில்தான் அமைத்தார். ஸாஹா ஹடிட் 2016-இல் இறந்தார். அவருடைய ஆபீஸ் 2021-இல் ஊழியர் டிரஸ்டுக்கு மாறியது. டிரஸ்ட் என்றவுடன் ஜனநாயகம் என்று நினைத்துவிட வேண்டாம். லாபத்தில் பங்கு இருக்கும். முடிவெடுக்கும் மேஜை வேறு இடத்தில் இருக்கலாம்.

பார்ட்னர் ஆகும் எண்ணம் இருந்தால் இந்த மூன்றையும் கேட்காமல் வராதீர்கள். கடைசியாக பார்ட்னர் ஆனவர் யார், எப்போது? உள்ளே வளர்ந்தவரா, வெளியிலிருந்து கிளையன்ட்டோடு வந்தவரா? பங்கு வாங்க அவர் எவ்வளவு போட வேண்டியிருந்தது, எத்தனை வருடத்தில்? தொகையைச் சொல்ல மறுக்கலாம், முறையைச் சொல்ல மறுக்கத் தேவையில்லை. "இங்கே எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு" என்ற பதில் பதிலே இல்லை.

படி 4: கணக்குப் புத்தகம் பார்க்காமலே பண நிலையைக் கண்டுபிடிப்பது

ஆர்க்கிடெக்சர் ஆபீஸின் பொருளாதாரம் எளிமையானது. மூலதனம் என்று இருப்பது பெரும்பாலும் ஆட்கள்தான். அவர்களுடைய மணிநேரத்தை வாங்கி, கட்டணமாக விற்கிறார்கள். அதனால் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, கையிருப்பு வேலை: ஒப்பந்தம் கையெழுத்தான வேலை எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? மூன்று மாதத்துக்கும் குறைவாக இருக்கையில் உங்களைப் போன்ற சம்பளத்தில் ஒருவரை எடுக்கிறார்கள் என்றால், வரும் என்று நம்பும் ஒரு வேலையை வைத்து எடுக்கிறார்கள். அந்த வேலையின் பெயரைக் கேளுங்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் நேரத்தில் எத்தனை சதவீதம் கிளையன்ட்டிடம் கட்டணமாக வசூலிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? இதை யூட்டிலைசேஷன் என்பார்கள். ஜூனியருக்கு இது உயரமாக இருக்கும், பார்ட்னருக்குக் குறையும். நடுவில் இருப்பவரிடம்தான் குழப்பம். ஜூனியர் அளவுக்கு வசூலாக வேண்டும், அதோடு ஜூனியர்களைப் பழக்க வேண்டும், டெண்டரும் எழுத வேண்டும் என்பார்கள். மூன்றையும் கூட்டினால் ஒரு நாளைக்குள் அடங்காது. நடு அனுபவக்காரர்கள் சோர்ந்துபோவதற்குத் திறமைக் குறைவைவிட இந்தக் கூட்டல்தான் காரணம். எண்ணைக் கேட்டு, மீதி நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது, கட்டணம் எப்படி வருகிறது? கட்டுமானச் செலவில் சதவீதமா, மொத்தத் தொகையா, மணிக்கணக்கா? மொத்தத் தொகையில் வேலை எடுக்கும் ஆபீஸில் கிளையன்ட் மனம் மாறும் ஒவ்வொரு தடவையும் இழப்பு ஆபீஸுக்குத்தான், கூடுதல் வேலைக்குக் கட்டணம் கேட்கும் துணிச்சல் இல்லாவிட்டால். "கடைசியாக எப்போது கூடுதல் கட்டணம் கேட்டீர்கள்?" என்று பிராஜெக்ட் ஆர்க்கிடெக்டிடம் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். சிரித்தால், அந்த ஆபீஸில் 'ரிவிஷன் 14' என்று பெயரிட்ட ஃபைல்கள் இருக்கின்றன.

படி 5: வெளியிலிருந்து விசாரிப்பது

இணையதளத்தில் கட்டடங்களைப் பார்த்தது போதும், ஆட்கள் பக்கத்தைப் பாருங்கள். பார்ட்னர்கள் ஐந்து பேர், இருபதுகளில் முப்பது பேர், நடுவில் ஒன்றிரண்டு பேர் என்றால் நடுவில் இருப்பவர்கள் அங்கே தங்குவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடைவெளியை நிரப்பப் போகாதீர்கள். அதே பக்கத்தின் பழைய பதிப்புகள் இணையக் காப்பகங்களில் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். லிங்க்ட்இன்னில் அங்கிருந்து போனவர்களையும் பாருங்கள். எத்தனை வருடம் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்பது அந்த ஆபீஸைப் பற்றிய நல்ல சான்றிதழ். நல்ல ஆபீஸிலிருந்து போனவர்கள் மேலே போயிருப்பார்கள்.

ஐந்தாறு வருடத்துக்கு முன் முடிந்த அவர்களுடைய கட்டடம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். திறப்பு விழாப் படங்களில் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும். ஜன்னல் அடிக்கட்டைக்குக் கீழே நீர்க்கறை ஓடியிருக்கிறதா? வெப்பத்தில் கட்டடம் விரியச் சுருங்க விடும் இடைவெளியான விரிவு இணைப்பு யோசித்து வைத்த இடத்தில் இருக்கிறதா, அல்லது பிற்பாடு வெட்டியதா? கைப்பிடி முடியும் இடம், டைல் முடியும் இடம், கழிவறைக்குள் குழாய்கள் ஓடும் விதம். மாடிப்படிக்குக் கீழே என்ன செய்திருக்கிறார்கள்? டிராயிங்கில் யாரும் முடிவு செய்யாததைச் சைட்டில் மேஸ்திரி முடிவு செய்திருப்பார், அது பார்த்தவுடன் தெரியும்.

அப்புறம், ஆர்க்கிடெக்டுகளை விடுங்கள். அந்த ஆபீஸோடு வேலை செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) கன்சல்டன்ட், கான்ட்ராக்டர் யாரையாவது பிடியுங்கள். அவர்கள் சொல்வதுதான் கலப்படமில்லாத தகவல். டிராயிங் சொன்ன தேதிக்கு வருமா, வந்த டிராயிங் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, சைட்டிலிருந்து கேள்வி போனால் எத்தனை நாளில் பதில் வரும், பதில் சொல்வது பிராஜெக்ட் ஆர்க்கிடெக்டா அல்லது எல்லாமே பிரின்சிபலின் தலையசைப்புக்குக் காத்திருக்குமா? கன்சல்டன்ட் பில்களை நேரத்துக்குக் கொடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். கன்சல்டன்ட்டுக்கு ஆறுமாதம் பாக்கி வைக்கும் ஆபீஸ் ஒருநாள் சம்பளத்திலும் கை வைக்கும்.

முன்னாள் ஊழியர்களிடம் "அங்கே எப்படி?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பார்கள், அல்லது பழைய கோபத்தைக் கொட்டுவார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசி டெண்டர் சப்மிஷனுக்கு முந்தின வாரம் எத்தனை மணிவரை இருந்தீர்கள்? வாரக்கடைசியில் வந்ததற்கு ஈடாக விடுப்பு கிடைத்ததா? குழந்தை பிறந்து விடுப்பில் போனவர் திரும்பி வந்தபோது அதே பிராஜெக்ட் கிடைத்ததா? தவறு நடந்தபோது கிளையன்ட் முன்னால் பார்ட்னர் யாரைக் காட்டினார்?

படி 6: போர்ட்ஃபோலியோவும் நேர்காணலும்

இந்த வயதில் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, மெலிந்திருக்க வேண்டும். நான்கு பிராஜெக்ட் போதும். ரெண்டர்களை, அதாவது கணினியில் உருவாக்கிய கட்டடக் காட்சிகளை, குறைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினையையும் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் காட்டுங்கள். முதல் டீடெயில், கான்ட்ராக்டர் ஆட்சேபித்தபின் மாறிய டீடெயில், சைட் புகைப்படம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து ரெண்டர் சொல்லாததைச் சொல்லும். நேர்காணல் செய்யும் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பக்கத்தில்தான் கை நிற்கும்.

உங்கள் பங்கைத் துல்லியமாக எழுதுங்கள். "முகப்பு டீடெயில் தொகுப்பு, மூவர் குழுவை நடத்தினேன்" என்பது "பிராஜெக்டை டிசைன் செய்தேன்" என்பதைவிடப் பலமானது. ஆர்க்கிடெக்சரில் பெயர் விடுபடுவது ஆழமான புண். 1991-இல் ராபர்ட் வென்சூரிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது, அவருடைய வாழ்க்கைத் துணையும் தொழில் பங்காளியுமான டெனிஸ் ஸ்காட் பிரவுனின் பெயர் அதில் இல்லை. 2013-இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டும் பரிசுக் குழு அதைத் திருத்தவில்லை. புது ஆபீஸிலும் கேட்டுவிடுங்கள்: வெளியீடுகளில் பிராஜெக்ட் குழுவின் பெயர் எப்படி வரும், வேலையை விட்டுப்போனவர் பெயர் இருக்குமா?

நேர்காணலில் கேட்க மறக்கக் கூடாதவை சில. முடிந்த ஒரு பிராஜெக்டின் முழு டிராயிங் செட்டைப் பார்க்கக் கேளுங்கள். கிளையன்ட் ரகசியம் என்றால் பெயரை மறைத்து ஒரு பகுதியாவது காட்டலாம். டிராயிங் மென்பொருள் ரெவிட்டோ ஆர்க்கிகேடோ, அதன் டெம்ப்ளேட்டையும் டீடெயில் நூலகத்தையும் யார் பராமரிக்கிறார்கள்? "எல்லோரும்தான்" என்றால் யாருமில்லை. அந்த வேலை சத்தமில்லாமல் உங்கள் தலையில் விழும். உங்கள் குழுவில் வரப்போகும் ஜூனியர்களில் ஒருவரோடு பார்ட்னர் இல்லாமல் பதினைந்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள்.

சோதனை வேலை கொடுத்தால் அளவைப் பாருங்கள். ஒரு மணிநேர ஸ்கெட்ச், சரி. ஒரு வாரக்கடைசி முழுவதும் உட்கார்ந்து அவர்களுடைய உண்மையான சைட்டுக்கு ஸ்கீம் போடச் சொன்னால், அதற்குக் கட்டணம் கேளுங்கள். சம்பளமில்லா உழைப்பு இந்தத் தொழிலின் பழைய வியாதி. 2019-இல் லண்டன் செர்ப்பென்டைன் கலையரங்கின் தற்காலிகப் பெவிலியனை வடிவமைத்த ஆபீஸ் சம்பளமில்லாமல் பயிற்சியாளர்களை அழைத்தது வெளியே தெரிந்து, பெவிலியனில் வேலை செய்யும் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கலையரங்கே சொல்ல வேண்டி வந்தது. 2022-இல் நியூயார்க்கின் பெர்ன்ஹைமர் ஆர்க்கிடெக்சர் தன் ஊழியர்களின் தொழிற்சங்கத்தைத் தானாகவே அங்கீகரித்தபோது அது பெரிய செய்தியானது. சங்கம் என்ற சொல்லே இந்தத் தொழிலில் அத்தனை அரிது.

படி 7: ஆஃபர் லெட்டரில் சம்பளத்துக்குக் கீழே இருப்பவை

பதவிப் பெயருக்கு அதிகம் மதிப்புக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு பேர் ஆபீஸின் அசோசியேட்டும் முந்நூறு பேர் ஆபீஸின் அசோசியேட்டும் வேறு வேறு வேலை செய்பவர்கள். டிராயிங் வெளியே போகும்முன் யார் ஒப்புதல் தர வேண்டும், கிளையன்ட்டுக்கு நேராக மெயில் போடலாமா, குழுவுக்கு ஆள் எடுப்பதில் உங்கள் வார்த்தை எடுபடுமா என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பதவி தானாகவே தெரிந்துவிடும். முடிந்தால் அந்தப் பதில்களை மெயிலில் வாங்குங்கள்.

சட்டப் பொறுப்பு அடுத்தது. உங்கள் பதிவு எண்ணில் டிராயிங் கையெழுத்தாகப் போகிறதா? அப்படியானால் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு உங்கள் பெயரையும் உள்ளடக்குகிறதா, நீங்கள் போனபிறகு எழும் வழக்குகளுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டடக் குறைபாடுகள் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த நேரத்தில் ஆபீஸே இல்லாமல் போயிருக்கலாம், உங்கள் கையெழுத்து இருக்கும்.

ஓவர்டைம், நோட்டீஸ் காலம், வெளியே சிறு வேலை எடுக்கத் தடை, போனபின் கிளையன்ட்டுகளை அணுகத் தடை ஆகியவற்றை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கடைசி இரண்டும் சொந்த ஆபீஸ் தொடங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு முக்கியம். செய்த வேலையைப் போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இப்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேரும் முன் எளிதில் கிடைப்பது, பிரியும்போது கிடைக்காது.

இரண்டு ஆஃபர் கையில் இருந்து முடிவெடுக்க முடியவில்லையா? எந்த ஆபீஸின் எந்த பிராஜெக்டில், யாருக்குக் கீழே, எந்தக் கட்டத்தில் சேரப்போகிறீர்கள் என்று இருவரையும் கேளுங்கள். குறிப்பாகச் சொல்பவர் பக்கம் சாயுங்கள். "வந்தபிறகு பார்க்கலாம்" என்பவரிடம் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் போகமாட்டேன்.

படி 8: கிளம்பும் விதம்

ஒரு பிராஜெக்டில் கட்டம் முடியும் இடத்தில் விலகுவது எல்லோருக்கும் நல்லது. டெண்டர் சப்மிஷனுக்கு இரண்டு வாரம் முன் போனால் அந்தக் கன்சல்டன்ட்டுகளும் கான்ட்ராக்டரும் நினைவில் வைத்திருப்பார்கள். அடுத்த ஆபீஸிலும் அதே ஆட்களோடுதான் வேலை செய்யப்போகிறீர்கள். புது ஆபீஸிடம் சேரும் தேதியை அதற்கேற்ப நகர்த்தக் கேளுங்கள், நல்லவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் நீங்கள் அவர்களை விட்டுப் போகும்போது எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையும் காட்டிவிட்டார்கள்.

ஒப்படைப்புக் குறிப்பில் முடிந்த விஷயங்களை நீட்டி எழுத வேண்டாம், முடியாதவற்றை எழுதுங்கள்: கிளையன்ட் வாய்மொழியாகச் சொல்லி மீட்டிங் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறாத மாற்றங்கள், பதில் வராத சைட் கேள்விகள், எந்த டிராயிங் எந்த ரிவிஷனில் நிற்கிறது என்பது.

ஃபைல்களை எடுத்துப்போகாதீர்கள். டீடெயில் நூலகம், டெம்ப்ளேட், செலவுக் கணக்கு எதுவும் உங்களுடையது அல்ல, எத்தனை இரவு உட்கார்ந்து வரைந்திருந்தாலும் சரி. எடுத்துப்போக வேண்டியது ஒரு பட்டியல்: செய்த பிராஜெக்டுகள், பரப்பளவு, கட்டங்கள், உங்கள் பொறுப்பு, தேதிகள். பதிவு, உறுப்பினர் தகுதி, டெண்டர் எல்லாவற்றுக்கும் பின்னால் கேட்பார்கள். அதைக் கடைசி வாரத்துக்கு முன்பே தயார்செய்து, பார்ட்னர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். படங்கள் எவற்றைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியையும் அதே மெயிலில் கேட்டுவிடலாம். கடைசி நாளில் மெயில் கணக்கு மூடப்பட்டபின் கேட்டால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.